எந்த 9 வோல்ட்?

சிறு ஆம்ப்ளிஃபயர் செய்முறைக் குறிப்புகள் பலவற்றில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. எல்.எம். 386 ஐ.சி.யுடன் இணையும் ஒவ்வொரு மின்தேக்கியின் மதிப்பையும் கவனமாகக் குறிக்கும் ஆசிரியர்கள், மின்வழங்கியை மட்டும் "9 வோல்ட்" என்று சொல்லி முடித்துவிடுகின்றனர்.

ஆறு பென்சில் செல்களைத் தொடராக இணைப்பவருக்குத் தொல்லையில்லை. ஆனால் மாணவர் ஒருவர் 9 வோல்ட் மின்மாற்றியை வாங்கி, நான்கு டையோடுகளையும் மின்தேக்கியையும் இணைக்கிறார் என்று கொள்வோம். மின்மாற்றியில் குறித்திருப்பது பயனுறு மதிப்பு. மின்தேக்கியோ உச்ச மதிப்புவரை மின்னேற்றம் பெறும். அந்த உச்சம் 1.414 மடங்கு, அதாவது 12.7 வோல்ட். டையோடுகளில் 1.4 வோல்ட் போனாலும் 11.3 எஞ்சும். பாட்டு ஓய்ந்து சுமை குறைந்தால், சிறு மின்மாற்றிகளில் இது 12ஐயும் தாண்டும். இந்த ஐ.சி.யின் பரவலான வகைக்கு உரிய வரம்போ 4 முதல் 12 வோல்ட்தான்.

6 வோல்ட் மின்மாற்றி என்று எழுதியிருந்தால் இதே கணக்கில் சுமார் 7 வோல்ட் கிடைத்திருக்கும். ஒலி சற்றுக் குறையும், ஐ.சி. பிழைக்கும்.

ஐ.சி. பழுதானால், தாம் பற்றவைத்த விதம்தான் தவறு என்று மாணவர் மனம் தளர்வார். பிழை அவருடையதன்று, எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியினுடையது.