பாஷென்காவின் ரொட்டி

கதை படிக்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. கடவுளிடம் நம்பிக்கை வைத்துப் பிறருக்காகவே வாழ்கிற ஒருவனை நேரில் கண்டால் கை கூப்பத் தோன்றுகிறது. அவனையே கதையில் சந்தித்தால் பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறது. காரணம் எளிது. கதையில் வருகிறவனுக்குத் தன் லட்சியம் இன்னதென்று தெரியும். தெரியும் என்பதும் தெரியும். மூன்று பக்கத்துக்கு ஒரு தடவை நமக்கும் அதைத் தெரியப்படுத்திவிடுகிறான்.

இந்தச் சங்கடத்தையே விஷயமாக வைத்து ஒரு கதை செய்திருக்கிறார் டால்ஸ்டாய். 'பாதர் ஸெர்ஜியஸ்' என்கிற அந்த நீண்ட கதையை 1890-ல் தொடங்கி, விட்டு விட்டு 1898 வரையில் எழுதினார். உயிரோடிருந்தவரையில் அதை வெளியிடவில்லை. அவர் 1910-ல் இறந்து, மறு வருஷம்தான் அது அச்சாயிற்று.

காஸாட்ஸ்கி என்று ஓர் இளவரசன், ராணுவ அதிகாரி. எதைத் தொட்டாலும் அதில் முதல்வனாக நிற்க வேண்டும் அவனுக்கு. தான் மணக்க இருக்கிற பெண், தான் தெய்வமாக மதித்த சக்கரவர்த்தியின் ஆசை நாயகியாக இருந்தவள் என்பது கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் வாயாலேயே தெரிகிறது. எல்லாவற்றையும் உதறிவிட்டு மடத்தில் சேருகிறான். இதை நாம் வைராக்கியம் என்று சொல்லிவிடுவோம். டால்ஸ்டாய் அத்தனை சுலபத்தில் ஏமாறுகிறவர் அல்ல. பக்தியும் இருந்தது, தனக்கு மேலே நின்றவர்களையெல்லாம் கீழே பார்க்க ஓர் உயரம் கிடைத்த திருப்தியும் இருந்தது, இரண்டும் பின்னிக் கிடந்தன என்று காட்டுகிறார். பட்டாளத்தில் முதல்வனாக இருக்க ஆசைப்பட்டவன் இப்போது கடவுளிடத்தில் முதல்வனாக இருக்க ஆசைப்படுகிறான். மாறியது உடுப்புத்தான்.

இருபது வயதில் முதல் தடவை இதைப் படித்தபோது, கதையின் சிகரம் என்று எனக்குப் பட்டது விரல் துண்டாகிற இடம். தன்னைக் கெடுக்க வந்த பெண் குகையில் இருக்கிற அந்த இரவில், ஸெர்ஜியஸ் கோடரியால் தன் விரலையே வெட்டிக்கொள்கிறான். வந்தவள் மனம் மாறிக் கன்னியாஸ்திரீ ஆகிறாள். என்ன உறுதி என்று பிரமித்துப்போனேன். பல வருஷம் கழித்துப் படித்தபோது, அந்த விரலே அவனுக்கு வினையாயிற்று என்பது தெரிந்தது. அதன் பிறகுதான் பேரும் புகழும் வருகின்றன. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். மடத்துக்கு அவனால் வருமானம் பெருகுகிறது. காலை முதல் மாலை வரையில் பிறருக்குச் சேவைதான். ஆனால் உள்ளே ஊற்று வற்றிக்கொண்டு வருவது அவனுக்கே தெரிகிறது. கடைசியில், நோய் தீர அழைத்து வந்த, புத்தி குன்றிய ஒரு வியாபாரியின் மகளிடம் விழுந்துவிடுகிறான். பெரிய சோதனையில் வென்றவன் அற்பச் சோதனையில் தோற்கிறான்.

குடியானவன் உடுப்பில் ஓடிப்போகிறவனுக்கு ஒரு கனவு வருகிறது: பாஷென்காவிடம் போ. யார் இந்தப் பாஷென்கா? சிறு வயதில், நீந்திக் காட்டு என்று தரையில் படுக்கவைத்துப் பையன்களெல்லாம் சேர்ந்து கேலி செய்த அசட்டுப் பெண். இப்போது கிழவி. புருஷன் சொத்தையெல்லாம் அழித்துவிட்டுப் போய்விட்டான். மகள், வேலைக்கு லாயக்கில்லாத நோயாளி மாப்பிள்ளை, பேரக் குழந்தைகள் என்று அத்தனை பேருக்கும் சங்கீதம் சொல்லிக்கொடுத்துச் சோறு போடுகிறாள். ஸெர்ஜியஸ் வாசலில் வந்து நிற்கும்போது பேரக் குழந்தைகளுக்காக ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறாள். யாரோ யாத்திரிகன் என்று நினைத்துக் காசு தேடுகிறாள், சில்லறை இல்லை. ரொட்டி மட்டும் போதும் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு, நினைத்ததற்கு வெட்கப்பட்டு, தண்டனையாக ரொட்டியோடு காசையும் கொடுக்கிறாள்.

இந்தச் சின்ன இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் விரலும் கோடரியும் நாடகமாகிவிடுகின்றன. அவனுடைய தியாகம் உலகத்துக்குத் தெரிந்தது. அவளுடைய வெட்கம் அவளுக்குக்கூட ஒரு நிமிஷத்துக்கு மேல் நினைவில் இராது. கோயிலுக்குப் போவதுண்டா என்று கேட்கிறான். கிழிந்த உடுப்போடு மகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் முன்னால் போக வெட்கம், சோம்பல் வேறு என்கிறாள். பிரார்த்தனை? ஏதோ வாய் முணுமுணுக்கிறது, மனசு நிற்பதில்லை என்கிறாள். அவன் தேடித் தேடித் தொலைத்ததை அவள் வைத்திருக்கிறாள். வைத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

தவத்தைவிடச் சேவை பெரிது என்பதுதான் கதையின் நீதி என்று சொல்லிவிடலாம். சரியில்லை. ஸெர்ஜியஸும் சேவைதான் செய்தான். எத்தனையோ பேரைத் தேற்றினான். குறை செயலில் இல்லை. செய்கிறவன் தன்னையே ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்ததில் இருக்கிறது. அந்தக் கண் மூடினால்தான் நம்பிக்கைக்கு இடமுண்டு என்று டால்ஸ்டாய் சொல்கிறதாக எனக்குப் படுகிறது.

எனக்கு ஓர் ஆட்சேபமும் உண்டு. பாஷென்காவை டால்ஸ்டாய் ஸெர்ஜியஸின் கண்ணால் மட்டும்தான் பார்க்கிறார். அவனுடைய கேள்விக்கு அவள் பதில், சரி. அவளுக்கென்று ஒரு கேள்வி இராதா? வயதான ஒரு பெண்ணின் அலுப்பு ஓர் ஆணுக்குப் பாடமாகிவிடுகிறது. அவளுக்கு அலுப்பாகவே நின்றுவிடுகிறது. மகளாவது மாப்பிள்ளையாவது அந்த மாவில் கை வைத்திருக்கலாம் என்று கதை ஓர் இடத்திலும் நினைக்கவில்லை. தன்னை மறந்த சேவையைப் போற்றுகிறபோது, அதை வாங்கிக்கொள்கிறவர்களை விசாரிக்காமல் விட்டுவிடுவது பெரிய ஆசிரியர்களுக்கும் நேருகிற பிசகு.

முடிவில் டால்ஸ்டாய் தவறவில்லை. ஊர் ஊராகத் திரிகிற ஸெர்ஜியஸ், அனுமதிச் சீட்டு இல்லாத குற்றத்துக்காக ஸைபீரியாவுக்கு அனுப்பப்படுகிறான். அங்கே ஒரு குடியானவனின் தோட்டத்தில் வேலை, குழந்தைகளுக்குப் பாடம், நோயாளிகளுக்குப் பணிவிடை. அவ்வளவுதான். அதுவரையில் அவன் மனசின் ஒவ்வொரு அசைவையும் சொல்லி வந்த ஆசிரியர், இங்கே வந்ததும் மனசைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை; வேலையை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்.

இதை எழுதிய வருஷங்களில்தான், 1891-92 பஞ்சத்தில், டால்ஸ்டாய் தம் பெண்களோடு ரியாஸான் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்க் கஞ்சித் தொட்டிகள் திறந்தார். யாஸ்னயா போல்யானாவில் அவரைத் தரிசிக்க வந்தவர்களுக்கும் குறைவில்லை. கூட்டத்துக்கு நடுவில் வற்றிப்போகிற மகானைப் பற்றி எழுத அவர் வெளியே போய்த் தேடவேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் பிரதியை மேஜைக்குள்ளேயே வைத்திருந்தது ஏன் என்பது நம் ஊகத்துக்கு விட்ட விஷயம். வெளியிட்டிருந்தால், அதைப் படித்துவிட்டு இன்னொரு கூட்டம் தரிசனத்துக்கு வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.