காசைக் காணக் கற்றுத்தரும் கண்கள்

நாணயச் சேகரிப்பைத் தனியாகத் தொடங்கிவிடலாம் எனினும், அதில் தேர்ச்சி என்பது பெரும்பாலும் சக சேகரிப்பாளரின் துணையாலேயே வாய்க்கிறது. இந்திய நாணயங்களில் ஆண்டுக்குக் கீழே இடப்படும் அக்கசாலைக் குறி, அதாவது நாணயம் அடிக்கப்பட்ட ஆலையைக் காட்டும் சிறு அடையாளம், புதியவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. நொய்டாவுக்குப் புள்ளி, ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், மும்பைக்குச் சாய்சதுரம், கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை என்று மூத்தவர் ஒருவர் உருப்பெருக்கியின் கீழ் காட்டிய பின்னரே, ஒரே ஆண்டின் ஒரே மதிப்புள்ள நாணயங்களும் வெவ்வேறானவை என்பது அந்தப் புதியவருக்குப் புலப்படுகிறது.

விக்டோரியா காலத்து வெள்ளி ரூபாய் ஏறத்தாழ 11.66 கிராம் எடையுள்ளது என்பதை நூல் சொல்லிவிடும். ஆனால் வார்ப்பில் ஊற்றிய போலியின் விளிம்பில் தெரியும் மெல்லிய இணைப்புக் கோட்டையும், மழுங்கிய எழுத்துகளையும் அசலோடு அருகருகே வைத்துக் காட்டுபவர் நண்பரே. பழஞ்செம்புக் காசைப் புளியிட்டுத் துலக்கினால் காலத்தால் படிந்த மேற்பூச்சாகிய பாசிப்படலம் நீங்கி மதிப்புக் குறையும் என்று தக்க நேரத்தில் கையைப் பிடித்துத் தடுப்பவரும் அவரே. (வீட்டார் இதை ஏற்பது அரிது.)

மிகையாக உள்ள பிரதிகளை மாற்றிக்கொள்வது செலவைக் குறைக்கிறது என்றாலும், அதனினும் பெரிது மாற்றும்போது நிகழும் விவாதமே. அவ்விவாதத்தில் பங்கேற்கத் தொழில்முறை வரலாற்றாளராக இருக்க வேண்டியதில்லை: தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை அடையாளங்கண்டு வெளியிட்ட இரா. கிருஷ்ணமூர்த்தி, தொழிலால் நாளிதழ் ஆசிரியராக இருந்தவர்.