எங்கள் வீட்டு மைனர்

ஒரு முயல் சந்தோஷத்தில் குதித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தத்தித் தத்திப் போவதைச் சொல்லவில்லை, அது எல்லா முயலும் போகும். நான் சொல்வது வேறு. ஹாலில் ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று தரையை விட்டு எழும்பும், அந்தரத்தில் தலை ஒரு பக்கம் திரும்பும், இடுப்பு எதிர்ப்பக்கம் திரும்பும், பின்னங்கால் ரெண்டும் காற்றை உதைக்கும், இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்து காதைத் துடைத்துக்கொள்ளும். முயல் வளர்ப்பவர்கள் இதைப் 'பிங்கி' என்கிறார்கள். எங்கள் வீட்டில் சோபாவுக்கும் டிவி மேசைக்கும் நடுவில் தினமும் சாயங்காலம் இது நடக்கிறது. டிக்கெட் கிடையாது! வேலை முடிந்து பெருவிரைவு ரயிலில் நசுங்கிக்கொண்டு வரும்போது எனக்கு அந்தக் குதி மட்டும்தான் நினைப்பு. தலை நரைக்க ஆரம்பித்த ஆள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மின்தூக்கிக் கதவு திறந்ததும் தாழ்வாரத்தில் ஓடுகிறேன்.

பெயர் மைனர். அவரை எடுத்துவந்த விலங்குக் காப்பகத்தில் ஏதோ ஒரு பிஸ்கட்டின் பெயர் வைத்திருந்தார்கள், அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. ஒரு காது விறைப்பாக நிற்கும், இன்னொன்று கன்னத்தில் சரிந்து கிடக்கும், பழுப்பு உடம்பு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, நடையில் அப்படியொரு அலட்சியம். "பழைய படத்துல வர்ற மைனர் கணக்கா இருக்கானே!" என்றார் அம்மா. அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. கருத்தடை செய்த மைனர் என்பது வேறு விஷயம், அதை அவர் முன்னால் நாங்கள் பேசுவதில்லை.

உண்மையில் நாங்கள் போனது பூனை பார்க்க. சிங்கப்பூரில் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில் அனுமதி வந்ததா, அன்றிலிருந்து மகள் ஒரே பாட்டு. முயலுக்கு அதற்கு முன்பே தடை கிடையாது, ஆனால் அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை நானும் மனைவியும் மகளும் சுங்கை தெங்காவுக்குக் கிளம்பினோம். எஸ்பிசிஏ என்று எல்லாரும் சொல்கிற விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தின் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. வாசலிலேயே நாய்களின் குரைப்பு. மகளும் மனைவியும் நேரே பூனைகளிடம் போய்விட்டார்கள். நான் சும்மா வேடிக்கை பார்த்தபடி முயல்கள் இருந்த பக்கம் ஒதுங்கினேன். காய்ந்த புல்லின் வாசம், மழைக்கு அப்புறம் வெயில் அடித்தால் வருமே அப்படி ஒரு இனிப்பு வாசம், அது என்னை இழுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது நீங்களே அங்கே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொண்டூழியப் பெண், கல்லூரி வயதுதான் இருக்கும், தடுப்பைத் திறந்து "தரையில் உட்காருங்கள், கையை நீட்டாதீர்கள், கூப்பிடாதீர்கள், அவன் வந்தால் வருவான்" என்கிறார். உட்காருகிறீர்கள். சிமெண்டுத் தரை ஜில்லென்று ஏறுகிறது. மூலையில் மைனர் புல் மென்றுகொண்டிருக்கிறார், கரகர கரகரவென்று சத்தம், வாய் பக்கவாட்டில் அரைக்கிறது, ஒரு நீளப் புல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. உங்களைப் பார்க்கவே இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், ஏனென்றால் முயலுக்குக் கண்கள் பக்கவாட்டில், கிட்டத்தட்ட சுற்றிலும் முழுவட்டம் தெரியும். மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சின்ன இடம் மட்டும்தான் தெரியாது. அதனால்தான் முகத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோகக் கூடாதாம். சரி, சும்மா இருக்கிறீர்கள். மெல்வது நின்றது. நின்ற காது உங்கள் பக்கம் திரும்பியது. ஒரு தத்தல். இன்னொரு தத்தல். உங்கள் சாக்ஸை மோப்பம் பிடிக்கிறார், மீசை முடி கணுக்காலில் படுகிறது, கிச்சுகிச்சு, சிரிக்கக் கூடாது, மூச்சுகூட விடக் கூடாது, மூக்கு துடிதுடிவென்று துடிக்கிறது, அடுத்து என்ன செய்தார் தெரியுமா, தன் தாடையைக் கொண்டுவந்து உங்கள் கால் கட்டைவிரலில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார்! தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறதாம், தேய்த்தால் அந்தப் பொருள் இனி தன்னுடையது என்று அர்த்தமாம். தொண்டூழியப் பெண் இதைச் சொல்லி முடிப்பதற்குள் மைனர் என் பையைத் தேய்த்தார், முட்டியைத் தேய்த்தார், சட்டை நுனியை ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார், கடைசியில் என் கைக்குக் கீழே தலையைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்துக்கொண்டு அப்படியே அசையாமல் கிடந்தார். "தடவச் சொல்கிறான்" என்றார் அந்தப் பெண். நெற்றியில் விரல் வைத்தேன். ஐயோ, அந்த மென்மை! பட்டு என்ன பட்டு! நெற்றியிலிருந்து காது அடிவரை தடவத் தடவ கண் பாதி மூடியது, உள்ளங்கையில் ஒரு அதிர்வு, நறநறவென்று மெல்ல, மெல்ல... பல்லை லேசாக உரசுகிறார். பூனை சுகத்தில் குர்குர்ரென்பதற்குச் சமானம் அது, முயலுக்கு இன்பம் பொங்கினால் அப்படித்தான் செய்யுமாம். என் கண்ணில் தண்ணீர். ஆமாம், காப்பகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அழுதேன். பூனைகளைப் பார்த்துவிட்டு வந்த மனைவி ஒரு பார்வை பார்த்தாள். "என்னங்க இது" என்றாள். மகள் ஒன்றும் கேட்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பூனைப் பாட்டு அத்தோடு நின்றது.

உடனே தூக்கிக் கொடுத்துவிடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா, ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள், ஒயர்களை மூடி வைப்பீர்களா, கூண்டிலேயே போட்டுவிடுவீர்களா, எட்டுப் பத்து வருஷம், சிலது பன்னிரண்டு வருஷம்கூட இருக்கும் தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என்னை இவ்வளவு விசாரிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர்கள் கேட்பதும் நியாயம்தான். 2023 சீன நாட்காட்டியில் முயல் ஆண்டு, ராசிக்கு வாங்கிவிட்டுக் கைவிடாதீர்கள் என்று விலங்குநல அமைப்புகள் அப்போது கெஞ்சிக்கொண்டிருந்தன.

அம்மா ஒருத்தர்தான் பாக்கி. வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்ததும், "டேய், முயலா? இத வச்சி என்னடா பண்றது? ஊர்ல குழம்பு வைப்பாங்க" என்றார். மைனருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. இன்றைக்கு நிலவரம் என்ன? விடிகாலையில் அம்மா அடுப்படியில் விளக்குப் போட்டதும் ஐயா வாசல் தடுப்பில் முன்னங்காலை வைத்து எழுந்து நிற்கிறார். முயல்களுக்கு விடியலும் அந்தியும்தான் சுறுசுறுப்பான நேரம், அம்மாவுக்கும் அப்படியே. ரெண்டு பேரும் பிறவிக் கூட்டாளிகள். தேக்கா சந்தையில் கொத்தமல்லி வாங்கும்போது, "ஒரு கட்டு வூட்டுக்கு, ஒரு கட்டு எம் புள்ளைக்கு" என்கிறார். அந்தப் புள்ளை நான் இல்லை. மல்லித்தண்டு மைனர் வாய்க்குள் போகிற வேகத்தைப் பார்க்க வேண்டுமே, நுனியில் ஆரம்பித்தால் இலை வரைக்கும் நிறுத்தமே கிடையாது. புதினாவும் துளசியும் அதே கதிதான்.

கேரட் என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். கேரட்டில் சர்க்கரை, எப்போதாவது ஒரு சின்னத் துண்டு போதும். சாப்பாட்டில் பெரும்பங்கு காய்ந்த புல்தான், திமோதிப் புல் என்று செல்லப்பிராணிக் கடைகளில் விற்கிறார்கள். முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் தேயும், குடலும் அப்போதுதான் ஓடும். அரை நாள் ஒன்றுமே தின்னாமல் ஒடுங்கிக் கிடந்தால் யோசிக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதனால் நான் அலுவலகத்தில் இருந்துகொண்டு மனைவிக்கு "சாப்பிட்டானா?" என்று செய்தி அனுப்புகிறேன். அவள் பதிலுக்கு, "நானும் சாப்பிட்டேன், கேட்டதுக்கு நன்றி" என்று அனுப்புகிறாள்.

இன்னொரு சமாச்சாரம் சொல்லியே ஆக வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் மத்தியானம், மைனர் ஹாலின் நடுவில் நின்றுகொண்டிருந்தவர் சட்டென்று பொத்தென்று பக்கவாட்டில் விழுந்தார். கால் நீட்டிக்கொண்டது. கண் சொருகியது. நான் அலறியதில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். பாய்ந்து போய்ப் பார்த்தால் ஐயா தலையை லேசாகத் தூக்கி, யாரப்பா தூக்கத்தைக் கெடுப்பது என்று ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். இங்கே எனக்கு ஒரு பயமும் இல்லை என்று முயல் நம்பினால்தான் அப்படி விழுந்து படுக்குமாம்! எதைக் கண்டாலும் ஓடி ஒளியும்படி படைக்கப்பட்ட ஒரு பிராணி, பருந்துக்கும் நரிக்கும் பயந்தே வந்த இனம், என் வீட்டு ஹாலில் வயிற்றைக் காட்டிக்கொண்டு தூங்குகிறது என்றால் எனக்குத் தலைகால் புரியுமா? படம் எடுத்து குடும்பக் குழு, அலுவலகக் குழு, பள்ளி நண்பர்கள் குழு, ஏன், நீர்க்குழாய் பழுதுபார்க்க வந்தவருக்கும் காட்டினேன். அவர் பாவம், "நல்லா இருக்கு சார்" என்றார்.

கடையில் குட்டி வாங்கியிருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். குட்டியில் எல்லாம் பஞ்சு மாதிரிதான் இருக்கும், வளர்ந்தால் எந்தக் குணம் வரும் என்று யார் கண்டது? காப்பகத்து முயல் அப்படி இல்லை. வளர்ந்தவர், குணம் இன்னதென்று அவரோடு பழகியவர்களே சொல்லிவிடுகிறார்கள், மைனருக்குக் கருத்தடையும் ஆகியிருந்தது. பெண் முயல் என்றால் அந்த அறுவை சிகிச்சை ரொம்பவே முக்கியம், செய்யாமல் விட்டால் வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம். கருத்தடை ஆன முயலுக்கு இடம் பழக்குவதும் சுலபம். நம்ப மாட்டீர்கள், ஒரு தட்டில் புல்லைப் போட்டு மூலையில் வைத்தோம், மைனர் நேரே அதில் போய் உட்கார்ந்து தின்றுகொண்டே காரியத்தை முடித்தார். என் மகளைப் பழக்குவதற்கு இதைவிட நாளானது. முயலைக் கூண்டுக்குள் போடாமல் வீட்டு ஆளாக வளர்க்கலாம் என்பதைப் பரப்பவே 1988-ல் கலிஃபோர்னியாவில் ஹவுஸ் ரேபிட் சொசைட்டி தொடங்கினார்கள், சிங்கப்பூரிலும் அந்தப் பெயரில் ஓர் அமைப்பு முயல்களைத் தத்துக் கொடுக்கிறது. அவர்களுக்கெல்லாம் கோயில் கட்டலாம்.

குறையே இல்லையா என்றால், ம்... சார்ஜர் ஒயர் ரெண்டு போனது. போகட்டும். ரசத்தில் ஒருநாள் புல் மிதந்தது. எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டோம். முயல் பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் குறைவு, கட்டணம் கொஞ்சம் கனம்தான், 2020-ல் முயல் ரத்தக்கசிவு நோய் இந்த ஊரில் முதல்முறையாகத் தலைகாட்டியதிலிருந்து தடுப்பூசி விஷயத்திலும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. நம்ம ஊர் வெக்கை வேறு அவருக்கு ஆகாது. முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது, பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். அதனால் மின்விசிறி அவருக்கு, பளிங்குத் தரையின் குளிர்ந்த மூலை அவருக்கு, உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பதும் அவருக்கு. சில மத்தியானங்களில் குளிரூட்டியும் அவருக்காக ஓடுகிறது. மின்கட்டணத்தை நான் பார்ப்பதில்லை, மனைவி பார்க்கிறாள், பார்த்துவிட்டு மைனரைத் தடவிக்கொடுக்கிறாள்.

இதை எழுதும்போதுகூட மேசைக்கு அடியில் என் காலைச் சுற்றி எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். கவனிக்காவிட்டால் மூக்கால் ஒரு இடி. அதற்கும் அசையாவிட்டால் பின்னங்காலால் தரையில் ஒரு தட்டு, கீழ்வீட்டுக்காரர் என்ன நினைக்கிறாரோ!

ஆகவே நண்பர்களே, செல்லப்பிராணி வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தால் காப்பகத்தில் முயல்கள் இருக்கும் பக்கமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். போய்த் தரையில் உட்காருங்கள். கையை நீட்டாதீர்கள். காதைப் பிடித்துத் தூக்குவது மந்திரவாதி வேலை, முயலுக்கு அது வதை, முதுகெலும்பும் மிக மெல்லியது, தூக்கியே ஆக வேண்டுமென்றால் நெஞ்சையும் பின்பக்கத்தையும் சேர்த்துத் தாங்கித் தூக்குங்கள். ஜோடியாகப் பழகிய ரெண்டு பேரைச் சேர்த்துத்தான் கொடுப்போம் என்று சொன்னால் முகம் சுளிக்காதீர்கள், ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.