ஆய்வேடும் தோட்டத்து மக்களும்

தொண்டுக்கும் பணிக்கும் உள்ள வேற்றுமையைத் தமிழாசிரியர் நன்கறிவர். தொண்டு மனக்கனிவிற் பிறப்பது. அதற்கு எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. பணியோ கற்றுத் தேர வேண்டியது. சமூகத்தொண்டு சமூகப்பணியாகிக் கல்விக்கூடங்களில் வேரூன்றியது சென்ற நூற்றாண்டில்தான். அமெரிக்கப் பிரின்மார் கல்லூரி 1915இல் அதற்கெனத் தனித்துறை கண்டு டாக்டர் பட்டம் வரை வழி திறந்தது. பம்பாயில் 1936இலும் சென்னையில் 1952இலும் பள்ளிகள் தோன்றின. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975இல் இப்பாடத்தைத் தொடங்கிற்று.

பட்டம் உண்டென்றால் ஆய்வேடும் உண்டு. அதனை எவ்வாறு மதிப்பிடுவது?

அண்டைத் துறையான மானிடவியலில் இதற்கொரு நல்ல சான்று இருக்கிறது. இந்திய அறிஞர் ரவீந்திர ஜெயின், கான்பராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்துக்காக, 1960களின் தொடக்கத்தில் மலாயா ரப்பர்த் தோட்டமொன்றில் தங்கி ஆய்ந்தார். மலாயாத் தோட்டத்துத் தென்னிந்தியரைப் பற்றிய அவரது நூல் 1970இல் வெளிவந்தது. கூலிக்கணக்கோடு அவர் நின்றுவிடவில்லை. வேலை, வீடு, கோயில், கடை யாவும் ஒரே வேலிக்குள் அடங்கி, துரையின் அதிகாரம் குடும்பத்தின் உள்ளும் நுழைவதைக் கண்டார். மனநோய் மருத்துவமனை, சிறைச்சாலை போன்றவற்றைக் குறிக்க 1961இல் காஃப்மன் கையாண்ட ‘முழுமை நிறுவனம்’ என்ற கருத்தைத் தோட்டத்துக்குப் பொருத்தினார். கூர்மையான பார்வை இது. லயத்தில் வாழ்ந்தோர் மறுக்கமாட்டார்.

ஆயினும் அச்சொல் முழுதும் பொருந்துமா? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. தொழிலாளர் கேட்டது கூலி உயர்வு மட்டுமன்று. கள்ளுக்கடைகளை மூடுக என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வியும் நோயாளிக்கு மருத்துவமும் கேட்டனர். துரைமாரோ கிராணிமாரோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டிறங்கும் வழக்கம் ஒழிய வேண்டுமென்றனர். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். தம் துயரின் காரணங்களைத் தாமே வகுத்துரைத்த மக்கள் இவர்கள். எந்த ஆய்வாளரும் அதற்கு முன் அங்கு வினாத்தாள் நீட்டவில்லை!

இன்று அத்தோட்டங்களுட் பல வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன. அங்கிருந்தோரின் மக்களும் பேரரும் கிள்ளானிலும் சாலாக் செலாத்தானிலும் அடுக்குமாடிகளில் வாழ்கின்றனர். சமூகப்பணியில் பட்டம் நாடும் மாணவர் வினாத்தாளோடு அங்கே படியேறுகிறார். வினா ஆங்கிலத்திலோ மலாயிலோ பிறந்து, அகராதியின் துணையால் தமிழாகியிருக்கிறது. ‘குடும்ப வன்முறை உண்டா?’ என்றால், ‘அதெல்லாம் இல்லீங்க’ என்பார் அம்மாள். ‘கோபம் வந்தா கை நீட்டுவாரா?’ என்று கேட்டால் விடை வேறாகலாம். ‘மன அழுத்தம்’ என்றால் புருவம் சுருக்குபவர், ‘மனசு சரியில்லாம இருக்கா?’ என்றதும் அரைமணி நேரம் பேசக்கூடும். முதல் விடை மட்டுமே அட்டவணை ஏறினால் அதன்மேல் எழும் விழுக்காடுகள் அத்தனையும் பழுது. பிழை கணக்கிலன்று, மொழியில் இருப்பதால் தேர்வாளர் கண்ணுக்கும் அது தப்பிவிடும்.

ஜெயின் தம் தோட்டத்துக்கு ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் சூட்டினார். (பால்மரக் காட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்.) மக்களைக் காக்க இம்மறைப்பு வேண்டுவதே. ஆனால் ஊர்ப்பெயரும் மறைந்து, நூலும் அயல்மொழியில் அமைந்துவிட்டால், ‘இது எங்கள் கதை, இந்த இடம் தவறு’ என்று சொல்ல அங்கிருந்தோருக்கு வழியேது? பெயர்களை மறைத்த பின்னும் பத்துப் பக்கத் தமிழ்ச் சுருக்கமொன்றை அச்சிட்டு, ஆய்வுக்கு உட்பட்ட அடுக்குமாடியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை படித்துக் காட்டலாம். வினாத்தாளின் தமிழைத் திருத்தித் தரப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மறுக்கமாட்டார். இதுவரை அவரைக் கேட்டவர்தாம் அரியர்.