கின்னரமும் பிடிலும்

பாபிலோனிய ஆற்றங்கரையிற் சிறையிருந்த யூதர், தம்மைச் சிறைகொண்டோர் சீயோனின் பாட்டொன்றைப் பாடுமாறு கேட்டபோது, கின்னரங்களை மரக்கிளைகளில் மாட்டிவிட்டு வாளா இருந்தனர் என்பது 137ஆம் சங்கீதத்தின் பொருள். தமிழ் விவிலியம் கின்னரம் எனப் பெயர்த்த கருவிக்கு எபிரேய மூலத்திலுள்ள பெயர் ‘கின்னோர்’. பண்டு யாழ்போன்ற நரப்புக் கருவியைக் குறித்த அச்சொல்லே இன்றைய எபிரேயத்திற் பிடிலைக் குறிக்கின்றது. யூதப் பேரழிவை நினைவுகூரும் நூல்களிற் பிடில் வருமிடமெல்லாம் இதனை மனத்திற்கொண்டு கற்றல் நன்று.

பாபிலோனிற் கைதிக்கு வாசிக்க மறுக்கும் உரிமையேனும் எஞ்சியிருந்தது. அவுஷ்விட்ஸில் அதுவும் இல்லை. ஆங்கு பிர்க்கெனோவில் 1943இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாத்தியக் குழுவின் முதற்கடன், கைதிகள் காலையில் வேலைக்குச் செல்லும்போதும் மாலையில் மீளும்போதும் அணிநடை இசைத்தலாம். அதனை நடத்திய அல்மா றோசே, இசைமேதை மாலரின் தங்கை மகள்; 1944இல் முகாமிலேயே இறந்தார். செலோ வாசித்த அனிதா லாஸ்கர் உயிர்தப்பினார். வாசித்தல் அவர்களுக்கு உயிர்ப்பிச்சை. கேட்டவர்க்கோ அது வேறு. பிறீமோ லேவி 1947இல் வெளியிட்ட நூலில், முகாமின் நினைவுகளுள் இறுதியாக மறக்கப்படுவது அவ்விசையே என்ற கருத்தினர். ஆண்கள் குழுவை நடத்திய சீமோன் லாக்ஸும் அவ்விசை கைதிகளைத் தேற்றியது என்பதை ஒப்பவில்லை.

இவ்வுண்மையைக் கவிதையாக்கியவர் போல் செலான். பெற்றோரை நாஜிகளின் கொடுமைக்குப் பறிகொடுத்த அவர், தம் கவிதைக்கு ‘மரணப் பியூக்’ எனப் பெயரிட்டார். பியூக் என்பது ஒரு குரலெடுத்த பண்ணை மற்றொரு குரல் துரத்திப் பற்றும் இசையமைப்பு. ஜெர்மானியர் பெருமைகொள்ளும் பாக்கின் தனிக்களம். கவிதையிலே முகாம் அதிகாரி யூதருட் சிலரைக் குழி தோண்டவும் சிலரை நடனத்திற்கு வாசிக்கவும் ஏவுகின்றான்; பிடிலின் தொனி மேலும் இருளவேண்டும் என்கின்றான். நிறுத்தக் குறியின்றித் தொடர்கள் மீண்டும் மீண்டும் சுழல, படிப்பவரும் அவ்வாத்தியத்திற்கு அடியெடுத்து வைத்துவிடுகின்றனர். இங்குப் பிடில் ஆன்மாவின் வெற்றிக்கு அடையாளமன்று. கொலைத்தொழிலின் கருவிகளுள் ஒன்று. ஜெர்மானியப் பள்ளிகளில் இக்கவிதையின் இசையமைப்பை நுணுகி ஆராய்ந்து, குழி எவர்க்குத் தோண்டப்பட்டது என்பதை விட்டுவிட்ட பாடங்களும் உண்டாம். ஆசிரியத்தொழில் செய்யும் நமக்கு இது நாணந்தருஞ் செய்தி.

டெல் அவீவிற் பிடில் செப்பனிட்ட அம்னோன் வைன்ஸ்டைன் (2024இல் மறைந்தார்), அழிவிற் சிக்கிய யூதரின் பிடில்களைத் தேடித் திருத்தினார். அவை 2008இல் எருசலேமிற் கச்சேரியில் ஒலித்தன. அவரது கைத்திறன் வணங்கத்தக்கது. எனினும் அத்தொகுதிக்கு இட்ட ‘நம்பிக்கையின் பிடில்கள்’ என்ற பெயரை என் மனம் முழுதும் ஏற்கவில்லை. அணிநடைக்கு வாசித்த பிடிலும், தந்தை மகனுக்கு வீட்டிற் கற்பித்த பிடிலும் அப்பெயரின்கீழ் ஒன்றாகிவிடுகின்றன. உயிர்தப்பியோர் நம்பிக்கை என்று சொல்லின் நாம் தலைவணங்கலாம். கேட்டு மகிழும் அவையோர் சொல்லின் அஃது எளிதிற் பெற்ற ஆறுதலே.

அத்தொகுதியில் என் நெஞ்சைத் தொட்டது அதன் தொடக்கமே. போருக்குப்பின் பலஸ்தீனத்து யூத வாத்தியக்காரர் சிலர் தம்மிடமிருந்த ஜெர்மானியப் பிடில்களை இனித் தொடோம் என்றனர். வாங்காவிடின் உடைப்போம், எரிப்போம் என்றும் கூறினராம். அம்னோனின் தந்தை மோசே, அவற்றை எவரும் கொள்ளார் என்று அறிந்தும் விலைகொடுத்து வாங்கித் தம் கடையில் வைத்துக்கொண்டார்.