பெயரும் எதிர்மறையும்: 'மை நேம் இஸ் கான்' திரைப்படத்தின் ஒரு வாக்கியம் குறித்துச் சில எண்ணங்கள்

1. முன்னுரை

கரண் ஜோஹர் இயக்கி 2010 பிப்ரவரியில் வெளிவந்த 'மை நேம் இஸ் கான்' என்னும் இந்தித் திரைப்படம் காதல், ஆட்டிசம், முஸ்லிம்கள்மீதான காழ்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே கதையில் பிணைக்கின்றது. இப்படத்தைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் நடிப்பையும் அரசியலையும் பேசின. மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் நோக்கத்தக்க ஒன்று இதில் உண்டு. படம் முழுவதையும் ஒரே வாக்கியம் தாங்கி நிற்கின்றது. 'என் பெயர் கான். நான் பயங்கரவாதி அல்லேன்' என்று தமிழில் தரத்தக்க அவ்வாக்கியம், இந்தி உரையாடலுக்கிடையே ஆங்கிலத்திலேயே மீண்டும் மீண்டும் சொல்லப்படுகின்றது. அதன் ஒலி, இணைப்பு, எதிர்மறை ஆகியவற்றை ஆராய்ந்து, படத்தின் வலிமையும் குறையும் அவ்வாக்கியத்திலேயே அடங்கியிருப்பதைக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையைச் சுருங்கக் கூறலாம். மும்பையின் போரிவலிப் பகுதியில் வளர்ந்த ரிஸ்வான் கான் (ஷாருக் கான்) ஆஸ்பெர்கர் தன்மை உடையவன். தாயின் மறைவுக்குப்பின் சான்பிரான்சிஸ்கோவில் வாழும் தம்பியிடம் செல்கிறான். அங்கு முடியழகுக் கலைஞரான மந்திராவை (கஜோல்) மணக்கிறான். அவள் இந்து, மணவிலக்குப் பெற்றவள், ஒரு மகனுக்குத் தாய். 2001 செப்டம்பர் 11 நிகழ்வுக்குப்பின் அம்மகன் பள்ளி விளையாட்டுத் திடலில் தாக்கப்பட்டு இறக்கிறான். 'கான்' என்னும் பெயரே மகனைக் கொன்றது என்று கதறும் மந்திரா, நீ பயங்கரவாதி அல்லன் என்பதை அமெரிக்கக் குடியரசுத் தலைவரிடமே போய்ச் சொல் என்கிறாள். அவன் புறப்பட்டு விடுகிறான்.

2. பெயரும் ஒலியும்

ரிஸ்வான் தன் பெயரைப் பிறர் ஒலிக்கும் முறையைத் திருத்துபவன். முதலெழுத்து குரல்வளை மூடியிலிருந்து எழவேண்டும் என்பது அவன் தரும் விளக்கம். ஒலியியலார் இதனை ஏற்கமாட்டார். உருதுவில் இவ்வொலி பின்நாக்கு மெல்லண்ணத்தையோ உள்நாக்கையோ நெருங்கும்போது பிறக்கும் குரலிலா உரசொலி. குரல்வளை மூடிக்கு இதில் பங்கில்லை. எனினும் அவன் காட்டும் வேறுபாடு உண்மையானது. இந்தி பேசுவோர் பலர் இதனை மூச்சொலியுடைய வெடிப்பொலியாக மாற்றி ஒலிப்பர். ஆங்கிலம் பேசுவோர் வெறும் ககரமாக்குவர்.

தமிழில் நிலைமை இன்னும் சுவையானது. அயலொலிகளை நீக்கித் தமிழ் எழுத்தால் எழுதுதல் தொல்காப்பியர் காலத்திலிருந்தே வரும் மரபு. அம்மரபின்படி 'கான்' என்றெழுதுகிறோம். அவ்வாறெழுதிய உடனே அது காடு என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல்லோடு ஒன்றிவிடுகின்றது. ஆயினும் அவன் கேட்கும் ஒலிக்கு நெருங்கிய ஒலி நமக்கு அயலானதன்று. 'அகம்', 'பகல்' போன்ற சொற்களில் உயிர்களுக்கிடையே வரும் ககரத்தைப் பலரும் உரசொலியாகவே ஒலிக்கின்றனர். நம்மிடம் இருக்கும் ஒன்றை மொழிமுதலில் வைக்க நம் மொழியமைப்பு இடந்தருவதில்லை, அவ்வளவே.

பெயர் சரியாக ஒலிக்கப்படவேண்டும் என்ற இவ்வேண்டுகோள் நகைச்சுவைபோல் தொடங்குகின்றது. ஆனால் படத்தின் மையச் சிக்கலை அதுவே முன்னறிவிக்கின்றது. பெயர் ஒருவனைச் சுட்டுவதற்கு உரியது. அவன் பண்பை விளக்குவதற்கு உரியதன்று. காழ்ப்பு என்பது, மொழியியல் நோக்கில், சுட்டுப்பெயரைப் பண்புப்பெயராகப் படிக்கும் பிழை எனலாம். படத்தின் தொடக்கத்தில் 1983 கலவரச் சூழலில் தாய் தன் மகனுக்கு இரு படங்கள் வரைந்து காட்டுகிறாள். ஒன்றில் தடியேந்திய மனிதன் அடிக்கின்றான். மற்றொன்றில் ஒருவன் மிட்டாய் தருகின்றான். இவர்களுள் இந்து யார், முஸ்லிம் யார் என்று கேட்கிறாள். சிறுவனால் சொல்ல முடியவில்லை. செயலால் மனிதரைப் பகுக்கலாம். பெயரால் பகுக்க இயலாது என்பதே அப்பாடம்.

இப்பிழை கற்பனையானதன்று. படப்பிடிப்பு நடந்துவந்த காலத்தை ஒட்டி, 2009 ஆகஸ்டில், ஷாருக் கானே அமெரிக்காவின் நூவர்க் விமான நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். தம் பெயரே அதற்குக் காரணம் என்று அவர் கருத்துத் தெரிவித்தார்.

3. இணைப்புச் சொல்

ஆங்கில வாக்கியத்தின் இரு பகுதிகளை இணைப்பது 'அண்ட்' என்னும் சொல், 'பட்' என்பதன்று. இவ்வாக்கியத்தை முதன்முதல் தமிழாக்க முயன்றபோது நான் எழுதியது 'என் பெயர் கான். ஆனால் நான் பயங்கரவாதி அல்லேன்' என்பதாகும். தமிழோட்டம் அதில் நன்றாகவே இருந்தது. மறுமுறை படித்தபோதுதான் நான் செய்த தவறு புலப்பட்டது.

'ஆனால்' என்பது எதிர்பார்ப்பை மறுக்கும் இடைச்சொல். 'ஏழை, ஆனால் நேர்மையானவர்' என்று சொல்பவர், ஏழைகள் பொதுவாக நேர்மையற்றவர் என்ற கருத்தைத் தம்மையறியாமல் ஒப்புக்கொள்கிறார். ராபின் லேகாஃப் 1971இல் இணைப்புச் சொற்களைப் பற்றி எழுதிய கட்டுரை இத்தகைய மறைமுக எதிர்பார்ப்பை விளக்குகின்றது. 'என் பெயர் கான், ஆனால்...' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், கான் எனப் பெயருடையவர் பயங்கரவாதியாயிருத்தல் இயல்பு என்னும் கருத்தை நாயகன் வாயிலேயே திணித்துவிடுகிறார். நான் செய்ததும் அதுவே. காழ்ப்பு எப்போதும் வசைச்சொல்லாக வருவதில்லை. சில வேளைகளில் நல்ல தமிழ் இடைச்சொல்லாகவும் வரும்.

அவ்வாறாயின் 'அண்ட்' என்பதற்குத் தமிழில் யாது செய்வது? 'மற்றும்' இக்காலத் தமிழில் பெயர்களை இணைக்கப் பயன்படுகின்றது. இரு முற்றுத்தொடர்களை இணைக்கையில் அது பொருந்தி வருவதில்லை. உம்மை சேர்த்து 'நான் பயங்கரவாதியும் அல்லேன்' என்றால் அது எச்சவும்மையாகி, வேறு எதுவோ அல்லேன் என்ற பொருளையும் உடன்கொண்டு வரும். 'கான் என்றாலும்' என்பது 'ஆனால்' செய்யும் தீங்கையே செய்யும். எனவே இரு தொடர்களையும் இணைப்பின்றி அடுத்தடுத்து நிறுத்துதலே ஏற்றது. ஒன்று பெயர், மற்றொன்று உண்மை. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பில்லை என்பதை இணைப்புச் சொல் இல்லாமையே சொல்லிவிடும்.

4. எதிர்மறை

முதலில் பெயர்ப்பயனிலையை நோக்குவோம். நாளிதழ்த் தமிழில் 'தீவிரவாதி', 'பயங்கரவாதி' ஆகிய இரண்டும் வேறுபாடின்றி வழங்குகின்றன. 1907 சூரத்து காங்கிரசுப் பிளவுக்காலத்துத் திலகரையும் வ.உ.சி.யையும் தீவிரவாதிகள் என்றே நம் வரலாற்று நூல்கள் குறிக்கின்றன, அங்கு அது மிதவாதிக்கு எதிர்ச்சொல், இழிசொல்லன்று. இங்கு 'பயங்கரவாதி' என்பதே தெளிவானது. வினையைப் பொறுத்தவரை, இன்மையை 'இல்' என்னும் அடியும் அன்மையை 'அல்' என்னும் அடியும் உணர்த்துவது தமிழின் சிறப்பு. பேச்சில் 'இல்லை' இரண்டையும் விழுங்கிவிட்டது. பேச்சில் துல்லியம் தவறாத ரிஸ்வானுக்கு 'அல்லேன்' பொருத்தமே.

எதிர்மறை வாக்கியம் வெற்றிடத்தில் பிறப்பதில்லை. கேட்பவர் உடன்பாட்டுக் கருத்தை முன்னரே கொண்டிருக்கும்போதுதான் எதிர்மறை இயல்பாக ஒலிக்கும் என்பதனை டி. கிவோன் 1978இல் விளக்கினார். முன்பின் அறியாத ஒருவரிடம் 'நான் திருடன் அல்லேன்' என்று சொல்பவரைக் கேட்பவர் ஐயத்தோடுதான் நோக்குவார். ரிஸ்வானின் வாக்கியம் எழுகின்றதென்றால், எதிரே இருப்பவர் மனத்தில் உடன்பாட்டு வாக்கியம் ஏற்கெனவே இருக்கின்றது என்று பொருள். இவ்வாக்கியத்தைச் சொல்லவேண்டிய நிலையே ஒரு தண்டனை.

இதனைப் படம் ஒரு காட்சியில் மிக நுட்பமாகக் காட்டுகின்றது. குடியரசுத் தலைவர் வரும் கூட்டத்தில் ரிஸ்வான் தன் வாக்கியத்தை உரக்கச் சொல்கிறான். கூட்டத்தினர் காதில் விழுவது 'பயங்கரவாதி' என்னும் சொல் மட்டுமே. கூட்டம் கலைகிறது, அவன் கைது செய்யப்படுகிறான்.

மொழிபெயர்ப்பாளருக்கு இவ்விடம் கடினமானது. ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல் பெயருக்கு முன்னே நிற்கின்றது. 'பயங்கரவாதி' என்னும் சொல் காதில் விழுவதற்கு முன்னரே மறுப்பு விழுந்துவிட்டது. இருந்தும் கூட்டம் அதனைக் கேட்கவில்லை. தமிழில் மறுப்பு இறுதியில் வருகின்றது. தமிழ் வாக்கியத்தைக் கேட்ட கூட்டம், 'அல்லேன்' வருவதற்குள் அஞ்சி ஓடிற்று என்று விளக்கம் கூற இடமுண்டு. அதாவது நம் சொல்லொழுங்கு அக்கூட்டத்தின் பிழையைப் பாதி மன்னித்துவிடுகின்றது. மூலத்தில் அம்மன்னிப்பு இல்லை. ஆகவே இவ்விடத்தில் வாக்கியத்தை ஆங்கில வடிவிலேயே தமிழ் எழுத்தில் நிறுத்துதல் நன்று. இந்திப் படமும் அதனை மொழிபெயர்க்காமல் விட்டதை இங்குக் கருதவேண்டும்.

5. வெளிப்படையும் அன்பும்

பொருள் வெளிப்படையாகவும் குறிப்பாகவும் தோன்றும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரக் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் ஆஸ்டின், கிரைஸ் ஆகியோர் வளர்த்த பயன்வழியியல் இதனையே வேறு வழியில் அணுகியது. ஆட்டிசம் உடையவர்களுள் சிலர் குறிப்புப் பொருளைவிட வெளிப்படைப் பொருளையே முதலில் பற்றுவர். எல்லாரும் அப்படியே என்பது மிகைக்கூற்று; மொழித்திறனுக்கேற்ப இது பெரிதும் மாறுபடுகின்றது. ஆஸ்பெர்கர் என்னும் தனிப்பெயரும் 2013இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டிச நிறமாலை என்னும் பொதுப்பெயருக்குள் அடக்கப்பட்டுவிட்டது.

படத்தின் காதலும் பயணமும் இவ்வெளிப்படையிலேயே நிகழ்கின்றன. இந்நகரில் நான் காணாத ஓரிடத்தைக் காட்டினால் உன்னை மணக்கிறேன் என்று மந்திரா விளையாட்டாகச் சொல்கிறாள். அவன் மூடுபனியிலிருந்து விடியலில் வெளிப்படும் நகரைக் காட்டுகிறான். பின்னர் மகனை இழந்த ஆற்றாமையில் குடியரசுத் தலைவரிடம் போய்ச் சொல் என்கிறாள். 'எங்கேயாவது போய்த் தொலை' என்னும் நம் வழக்குப்போல அது ஏவல் வடிவில் வரும் துயரம், கட்டளையன்று. அவன் அதனைக் கட்டளையாகவே ஏற்கிறான். முன்னதில் வாக்குறுதி, பின்னதில் ஏவல். இரண்டிலும் அவன் செய்வது ஒன்றே. அவள் சொன்ன சொல்லை அவன் வீணாக்கவில்லை. குறிப்பறியாமை என்று மருத்துவம் பெயரிடும் ஒன்றைச் சொல்லுக்குக் காட்டும் உண்மையாகப் படம் மாற்றிக் காட்டுகின்றது. அதுவே இப்படத்தில் காதலின் இலக்கணம்.

இப்போது இரு வகைக் கேட்பவர்களை ஒப்பிடலாம். ரிஸ்வான் சொல்லை முழுமையாகக் கேட்கிறான், குறிப்பைத் தவறவிடுகிறான். கூட்டமோ சொல்லையே கேட்காமல், தானே கற்பித்த குறிப்பை மட்டும் கேட்கின்றது. தொடர்புகொள்ளலில் குறையுடையவர் யார்? புரிதற்குறை இருபுறமும் உள்ளது என்று டேமியன் மில்டன் 2012இல் 'இரட்டைப் பரிவுச் சிக்கல்' என்னும் பெயரில் வாதிட்டார். அக்கருத்துக்கு இருவாண்டு முன்னரே இக்காட்சி எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டது.

நம் கலைச்சொல்லாக்கமும் இங்கு ஆராயத்தக்கது. தமிழக அரசு வழக்கில் ஆட்டிசம் உடையவர்களைப் 'புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கமுடையோர்' என்பர். புற உலகைப் பற்றிய சிந்தனை இல்லாதவர் என்பதும், மதி இறுகியவர் என்பதும் முடிந்த தீர்ப்புகள். பெயரைப் பண்பாக்கும் பிழையை ஒரு கலைச்சொல்லே செய்கின்றது. 'ஆட்டிசம்' என்னும் கடன்சொல்லைத் தமிழெழுத்தில் வழங்குவதே தீங்கு குறைந்த வழி என்பது என் கருத்து.

6. குறைகள்

படத்தின் பிற்பகுதி இவ்வளவு நுட்பத்தோடு இல்லை. வன்முறையைத் தூண்டும் ஒருவனைப் பற்றி ரிஸ்வான் புலனாய்வுத் துறைக்குத் தகவல் தருகிறான்; ஜார்ஜியா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றைப் புயல் தாக்கும்போது ஓடிச்சென்று உதவுகிறான். இவையெல்லாம் அவன் குற்றமற்றவன் என்பதற்குச் சான்றுகளாக அடுக்கப்படுகின்றன. நல்லவன் என்று மெய்ப்பித்த பிறகே அவன் வாக்கியம் நம்பப்படுமாயின், மெய்ப்பிக்கும் பொறுப்பு பெயருடையவன்மீதே என்னும் பழைய நிலை அப்படியே இருக்கின்றது. கோபப்படும் உரிமையும் இத்தகைய நாயகனுக்கு இல்லை. ஆட்டிசம் இங்குக் கள்ளமின்மைக்கு உருவகமாகிவிடுகின்றது. சாதாரணக் குறைநிறைகள் கொண்ட, எளிதில் சினம் கொள்ளும் ஒரு கானின் வாக்கியத்தை யார் கேட்பார் என்ற வினாவுக்குப் படத்தில் விடையில்லை.

இறுதியில் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் அவனைச் சந்தித்து, உன் பெயர் கான், நீ பயங்கரவாதி அல்லன் என்கிறார். தன்மை முன்னிலையாகின்றது, மற்றவை மாறவில்லை. ஆனால் கூற்றின் வலிமை முற்றிலும் மாறிவிட்டது. அதிகாரமுடையவர் சொல்லும்போதே ஒரு கூற்று செயலாகும் என்னும் ஆஸ்டின் கருத்துக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எனினும் அத்தலைவரும் மறுப்புவடிவிலேயே பேசுகிறார். 'உன் பெயர் கான்' என்பதோடு அவர் நிறுத்தியிருந்தால், பெயர் பெயராக மட்டும் நின்றிருக்கும்.

7. முடிவுரை

இவ்வாக்கியத்தைத் தமிழாக்குவோர் மூன்றைக் கருத்தில் கொள்ளலாம்: 'ஆனால்' என்பதைத் தவிர்த்தல், 'பயங்கரவாதி', 'அல்லேன்' ஆகியவற்றைத் தெரிந்து பயன்படுத்துதல், கூட்டக் காட்சியில் ஆங்கில வரிசையைக் காத்தல். இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் இடைச்சொல் ஒன்றால் ஒரு சமூகத்தின்மீது பழி சுமத்தவும், சொல்லொழுங்கு ஒன்றால் அப்பழியைச் சுமத்தியோரை விடுவிக்கவும் மொழிபெயர்ப்பாளரால் இயலும். நான் முதலில் எழுதிய 'ஆனால்' அடிக்கப்பட்ட தாளை இன்றும் வைத்திருக்கிறேன். இலக்கணம் கற்றவர்க்கும் காது தவறும் என்பதை அது நினைவூட்டுகின்றது.