'நட்டோம்' என்று முடியும் கட்டுரைகள்

பல்கலைக்கழகத்தில் படித்தபோது தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு அலையாத்திக் காடு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். போன மாதம் வீடு மாறும்போது அந்த மலர் கையில் கிடைத்தது. நின்றபடியே வாசித்தேன். வெட்கமாக இருந்தது. மொழி அந்த வயசுக்குப் பரவாயில்லை. ஆனால் அதில் நான் பார்த்த காடு எதுவுமே இல்லை.

கட்டுரை இப்படிப் போகிறது. முதலில் 2004 சுனாமி. அடுத்து, 'அலையை ஆற்றுவதால் அலையாத்தி' என்ற பெயர் விளக்கம். பிறகு 'கடல் தாயின் முந்தானை' என்று ஓர் உவமை. அப்புறம் நாங்கள் பஸ் ஏறிப்போய் ஒரு சனிக்கிழமை கன்று நட்ட கதை. கடைசி வரி: 'நாளைய தலைமுறைக்காக நட்டோம்.' இதே அச்சில் வார்த்த கட்டுரைகளை இன்றும் அடிக்கடி பார்க்கிறேன். அடுத்தவர் எழுத்தைக் குறை சொல்வதற்கு முன் என்னுடையதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

முதல் பிரச்சினை அந்த வினைச்சொல். 'நட்டோம்' என்றதும் வேலை முடிந்துவிடுகிறது. நான் படித்த வளாகம் நிபோங் தெபாலில். கடல் தூரமில்லை. ஏழெட்டு மாதம் கழித்து மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்ப் பார்த்தேன். நட்ட வரிசைகளில் பாதிக்கு மேல் காணோம். மிச்சமிருந்த குச்சிகளில் சிப்பி மாதிரி ஏதோ ஒட்டிக் கனத்துச் சாய்ந்து கிடந்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பாக்சிக் சிரித்தார். "இந்தச் சேறு இன்னும் மரத்துக்கு ஆகல, டிக். இங்க தண்ணி ரொம்ப நேரம் நிக்கும். மரம் மூச்சு விட வேணாமா?" என்றார் மலாயில்.

அவர் சொன்னது சரியான பொறியியல். பாக்காவ் விதை தாய்மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். பறித்துச் சேற்றில் குத்தினால் நடவு முடிந்தது. நடும் நிகழ்ச்சிகளில் அதையே கையில் கொடுப்பதற்குக் காரணம் இந்தச் சுலபம்தான். ஆனால் கடலைப் பார்த்த திறந்த சேற்றில் இயல்பாக முதலில் வருவது பெரும்பாலும் அப்பி-அப்பி வகை மரங்கள். சராசரிக் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் சேற்றில் எதைக் குத்தினாலும் பிழைப்பது கஷ்டம். இது எதுவும் என் கட்டுரையில் இல்லை. நட்ட எண்ணிக்கை மட்டும் இருந்தது. இன்று சைட்டில் எத்தனை பைல் இறக்கினோம் என்று மட்டும் எழுதி, அது எவ்வளவு எடை தாங்கியது என்று எழுதாமல் ரிப்போர்ட் கொடுத்தால், என் மேலாளர் அதைத் திருப்பி வீசிவிடுவார்.

இரண்டாவது, அந்த முந்தானை. 'காடு இருந்திருந்தால் ஓர் உயிரும் போயிருக்காது' என்று எழுதியிருக்கிறேன். சுனாமியில் மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பினாங்கில். அன்று ஞாயிற்றுக்கிழமை. பலர் குடும்பத்தோடு மணல் கடற்கரைக்கு வந்தவர்கள். பாக்காவ் வளர்வது சேற்றில், திறந்த மணல் கரையில் இல்லை. அவர்கள் சாவை என் உவமைக்கு நான் எடுத்துக்கொண்டேன். காற்றால் எழும் சாதாரண அலையின் உயரத்தை 100 மீட்டர் அகலக் காடு 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கரை அரிப்புக்கும் ஏறிவரும் கடலுக்கும் எதிராக இது பெரிய உதவி. சுனாமி அலை வேறு ஜாதி. அதைத் தணிக்க இன்னும் எவ்வளவோ அகலமான காடு வேண்டும், அப்போதும் முழுசாக நிற்காது.

பருவநிலைக்கு இந்தக் காடு செய்யும் முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாது. அது சேற்றுக்குள் நடக்கிறது. உயிர்வளி குறைந்த ஈரச் சேற்றில் இலையும் வேரும் மெதுவாகத்தான் மட்கும். அதனால் கரிமம் நூற்றாண்டுக் கணக்கில் அங்கேயே தங்குகிறது. இறால் குளத்துக்காகத் தோண்டினால் அது காற்றில் கலக்கிறது. சேற்றை முந்தானை என்று எழுத எனக்கு வரவில்லை, அதனால் விட்டுவிட்டேன்.

மாத்தாங்கையும் விட்டுவிட்டேன். பேராக்கில் சுமார் 40,000 ஹெக்டர் காடு, நூறு வருஷத்துக்கு மேலாக நிர்வகிக்கப்படுகிறது. அங்கே 30 வருஷச் சுழற்சியில் மரத்தை வெட்டுகிறார்கள். கோலா செபெத்தாங்கில் அது கரியாகிறது. இடையில் கழிக்கும் மரங்கள் கட்டுமானத்துக்குப் பாக்காவ் கட்டையாக வருகின்றன. என் முதல் சைட்டில் நானே அந்தக் கட்டைகளை எண்ணி இறக்கினேன். தாய் என்று எழுதிவிட்டால் வெட்டுகிறவனை எங்கே வைப்பது? நம் இயற்கைக் கட்டுரைகளில் காட்டை வைத்துப் பிழைக்கிறவர்கள் வராமல் போவதற்கு இந்த உவமைகளும் காரணம்.

மூன்றாவது, 'நட்டோம்' என்பதில் உள்ள 'ஓம்'. யார் அந்த நாம்? என் கட்டுரையில் மீனவர்கள் ஒரே வரியில் வருகிறார்கள், எங்களுக்குத் தே ஓ கொடுத்த 'அன்பான கிராம மக்களாக'. ஆனால் பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம், பிஃப்வா என்பார்கள், 1990களின் பிற்பகுதியிலிருந்தே பாக்காவ் நட்டுவருகிறது. மீன்பாடு குறைந்தது, அதனால் நட்டார்கள். இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்வது அந்த வேர்களுக்கு நடுவில்தான். எந்த ஓடையில் எந்த மரம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிங்கப்பூரின் புலாவ் உபினில், கைவிடப்பட்ட இறால் குளங்களை மீட்க முயல்கிற குழுவும் இதைத்தான் சொல்கிறது: முதலில் தண்ணீர் வந்துபோகும் வழியைச் சரிசெய்ய வேண்டும், விதை தானாக வந்து சேரும். இந்த வேலையில் படம் எடுத்துப் போட ஒன்றுமில்லை.

சமூகம் முன்னெடுக்கும் பாதுகாப்பு என்று எழுதினால், முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். பினாங்குத் தீவின் தெற்கே கடலை நிரப்பும் திட்டத்தை மீனவர்கள் பல வருஷம் எதிர்த்தார்கள். மூன்று தீவுகள் 2023-இல் ஒன்றாகச் சுருங்கின. அந்த ஒன்றுக்கு வேலை தொடங்கிவிட்டது. அந்தத் திட்டத்தில் நான் இல்லை. ஆனால் நிலத்தைக் கெட்டிப்படுத்தும் தொழிலில்தான் என் சம்பளம் வருகிறது. கன்று நட மீனவனைக் கூப்பிடுகிற மேடை, கடல் வேண்டும் என்று அவன் கேட்கும்போது எங்கே போகிறது? இதைக் கேட்காத கட்டுரையை இனி என்னால் எழுத முடியாது.

நம் மொழிக்கு இது புதுசும் இல்லை. சங்க நெய்தல் பாடல்களில் கண்டல் ஊருக்கு வேலியாக வருகிறது. ஆனால் வேலியாக மட்டும் வருவதில்லை. அங்கே நண்டு ஓடுகிறது, நாரை காத்திருக்கிறது, மீன் காய்கிறது, பறவை கொத்தாமல் ஒரு பெண் காவல் இருக்கிறாள். அந்தக் கவிஞர்கள் சேற்றைப் பார்த்திருக்கிறார்கள்.

மலரைத் தூக்கிப் போடவில்லை. அலமாரியில்தான் இருக்கிறது. காடு பற்றி எழுத நினைக்கும் நண்பர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நட்ட அன்றைக்கே எழுதாதீர்கள். இரண்டு வருஷம் கழித்து, தண்ணீர் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு போய், எத்தனை நிற்கிறது என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். நேரத்தை யாரிடம் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.